விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது

எழுதத் தொடங்குவதற்கு முன் ஏதாவது ஓர் எண்ணை அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள், ஐயா. இப்போதுதான் உங்கள் நிலையத்தில் கரண்ட் போய் வந்திருக்கிறது. கீபோர்டின் வலது மூலையில் பச்சை விளக்கு எரிவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. எரிகிறது என்பதற்காக நம்பிவிடாதீர்கள். ஐந்தை அழுத்துங்கள். திரையில் ஐந்து வருகிறதா என்று பாருங்கள். வந்ததா? நல்லது. உங்கள் இயந்திரம் யோக்கியமானது. எங்களுடையது அப்படி இல்லை.

என் பெயர் அபெலினோ யோவெரா. ஊர் லோமா பார்தா. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. படிப்பு மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் ஆடு மேய்க்கப் போய்விட்டேன். உங்கள் தாளில் பெயருக்குக் கீழே 'வேறு பெயர்' என்று ஒரு வரி இருக்கிறதே, அதை வெறுமையாக விட்டுவிடுங்கள். ஊரில் யாராவது வேறு மாதிரி சொல்லியிருந்தால் அது அவர்கள் சொன்னது. என்னை யாரும் இழுத்து வரவில்லை, நானாகத்தான் பஸ் ஏறி வந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்ததும் எல்லாவற்றையும் எனக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். சீருடை போட்டவர்கள் எழுதுவதில் நான் கேட்காமல் கையெழுத்து வைக்கிற வழக்கம் இல்லை.

எங்களுக்குத் தண்ணீர் மலையிலிருந்து வருகிறது. ஆற்றிலிருந்து எங்கள் வாய்க்கால் பிரிகிற இடத்தில் மதகு. மதகுக்கு மேலே ஓர் அறை. முன்பு சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் மதகை ஏற்றுவோம், இறக்குவோம். பெருவெள்ளம் வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போன வருடத்துக்குப் பிறகு தலைநகரம் லிமாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வாய்க்காலுக்குச் சிமென்ட் போட்டார்கள். மதகுக்கு மோட்டார் வைத்தார்கள். மோட்டாரை ஓட்ட ஒரு கம்ப்யூட்டர் வைத்தார்கள். அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவர்கள் முகத்தை யாரும் பார்க்கவில்லை. மதகறையில் முறை வைத்து உட்காருவது பாசனச் சங்கத்து ஆட்களான நாங்கள்தான். நான் ஒருவன், காசிமீரோ பூரிசாக்கா ஒருவன், இன்னும் சிலர்.

காசிமீரோ எனக்கு வேற்று ஆள் இல்லை. அவன் மனைவி எர்மெலிந்தாதான் என் மகளுக்கு ஞானத்தாய். கோயிலில் குழந்தையை ஏந்தி நின்றவள். அந்த உறவில் அவர்கள் இருவரும் என்னைக் கொம்பாத்ரே என்று கூப்பிட வேண்டும். கொஞ்ச காலம் கூப்பிடவும் செய்தார்கள்.

அந்த இயந்திரத்தின் கோளாறை உங்களுக்குச் சொல்ல வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன். கரண்ட் போய் வந்தால் அது தானாக விழித்துக்கொள்ளும். விழித்ததும் மதகை எவ்வளவு திறக்க வேண்டும் என்று கேட்டுக் கீச்சுக் கீச்சென்று கத்தும். கடைசியாகத் தண்ணீர் விட்ட அளவை அதுவே திரையில் ஒரு கட்டத்தில் போட்டு வைத்திருக்கும். நாம் அதன் மேல் புது எண்ணை அடித்துப் பெரிய பட்டனைத் தட்ட வேண்டும். எண் விழாமல் பெரிய பட்டனை மட்டும் தட்டினால், கட்டத்தில் ஏற்கெனவே இருக்கிற அளவுக்கு மதகு திறந்துவிடும். மேல் வரிசை எண்கள் செத்துப் பல காலம். காசிமீரோ அதில் ஒரு குடுக்கை சோளக் கள்ளைக் கொட்டிவிட்டான். மிச்சம் இருந்தது வலப்பக்கத்து எண்கள் மட்டும். அவை விழ வேண்டும் என்றால் நம்பர் லாக் போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தால் பச்சை விளக்கு எரியும். இல்லையென்றால் அணைந்திருக்கும்.

அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் எங்கள் இயந்திரம் விழித்ததும் விளக்கு எரியும், லாக் விழுந்திருக்காது. லாக் பட்டனை ஒரு தடவை அழுத்தினால் இரண்டும் ஒத்துப்போகும். மறுபடி கரண்ட் போய் வரும்வரை ஒழுங்காக இருக்கும். வந்ததும் மறுபடி பொய். திரையைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். எங்கள் திரை கிழட்டுக் கழுதை. நாம் அழுத்திய எண் அதில் வந்து சேர்வதற்குள் ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்துவிடலாம். யாரும் காத்திருப்பதில்லை. விளக்கைப் பார்ப்போம், அடிப்போம், ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவோம்.

இதில் முதலில் மாட்டியவன் நான். கார்மென் மாதா திருவிழா. சுவர் இல்லாமல் வாய்க்கால் அகன்று மண்ணாகக் கிடக்கிற இடத்தில் சப்பரம் இறங்கி, தாண்டி மைதானத்துக்கு வருகிற நேரம். தண்ணீர் வரக்கூடாது என்பதற்காக மதகை மூடி வைத்திருந்தோம். கரண்ட் போய் வந்தது. விளக்கு எரிந்தது. நான் சைபர் அடித்து, பெரிய பட்டனைத் தட்டிவிட்டு, ஊர்வலத்தைப் பார்க்க ஜன்னலுக்குப் போனேன். மாதாவைச் சுமந்தவர்கள் முழங்கால் சேற்றில் நின்றார்கள். பேண்டு வாத்தியக்காரர்கள் ஊதிக்கொண்டே இருந்தார்கள், பெரிய குழலுக்குள் தண்ணீர் போய் அது எருமை மாதிரி கத்தியது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. மாதாவின் பாவாடை ஓரம் மட்டும் நனைந்தது.

சங்கக் கூட்டத்தில் என்னை நிற்க வைத்துக் கேட்டார்கள்.

"ஏன்யா தொறந்த?"

"நான் தொறக்கல. சைபர்தான் போட்டேன். வெளக்கு எரிஞ்சுது."

"என்ன வெளக்கு?"

"கீபோர்டுல இருக்கிற பச்ச வெளக்கு. அது எரிஞ்சா நம்பர் விழணும்."

"விழுந்துச்சா?"

"வெளக்கு எரிஞ்சுதுங்க."

பின்னால் சுவரில் சாய்ந்திருந்த காசிமீரோ தொண்டையைக் கனைத்தான். "கீபோர்டுல பல்பு எரிஞ்சு என்னப்பா புண்ணியம்? மண்டையில இல்ல எரியணும்."

கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரித்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் நான் ஃபோக்கீட்டோ ஆகிவிட்டேன். குட்டி பல்பு என்று அர்த்தம். பிறகு குட்டியும் போய் வெறும் பல்பு.

எங்கள் ஊரில் பட்டப்பெயர் இல்லாத ஆள் கிடையாது, அது உங்களுக்கும் தெரிந்திருக்கும். செராபியோ என்கிற ஆட்டுக்காரனுக்கு நொண்டிச் சேவல். சங்கத் தலைவருக்கு ஈர அரிசி. எல்லாம் காசிமீரோ வைத்தவை. அவனுக்கு மட்டும் யாரும் வைக்கவில்லை. அவன் ஒட்டுகிற பெயர் தோலில் ஒட்டிக்கொள்ளும், சுரண்டினாலும் போகாது. மற்றவர்கள் தங்கள் பெயரைத் தாங்கிக்கொண்டார்களே என்கிறீர்கள். அவர்கள் விஷயம் அவர்களுக்கு. செராபியோ பிறவியிலேயே நொண்டி. நான் முட்டாள் இல்லை. விளக்கு எரிந்தது.

மறுநாளே கறுப்பு டேப்பில் ஒரு பட்டாணி அளவு வெட்டி அந்த விளக்கின் மேல் ஒட்டினேன். இனி யாரும் இதைப் பார்க்கக்கூடாது, ஐந்தை அழுத்தித் திரையில் வரும்வரை காத்திருக்க வேண்டும், வரவில்லையென்றால் லாக்கை ஒரு தடவை தொட வேண்டும் என்று எல்லாரிடமும் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒரு தவறும் நடக்கவில்லை. அதற்கு யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. "பல்பு தன் கண்ணையே கட்டிக்கிட்டான்" என்றான் காசிமீரோ.

கடைக்குள் நுழைந்தால் ஒருத்தன் சொல்வான். "பல்பு வந்தாச்சு, லைட்ட அணைங்கப்பா, கரண்டு மிச்சம்." முடிவெட்டுகிறவன் தலையைத் தட்டிப் பார்த்து, "ஃபியூஸ் போயிருச்சா பாக்குறேன்" என்பான். எர்மெலிந்தா முதலில், "கோவிச்சுக்காதீங்க கொம்பாத்ரே, இவருக்கு வாய் சும்மா இருக்காது" என்று பரிந்துதான் பேசினாள். ஒரு மழைக்காலம் போவதற்குள் அவளுக்கும் கொம்பாத்ரே மறந்துவிட்டது. "பல்பு, எலுமிச்சை பறிச்சு வச்சிருக்கேன், எடுத்துட்டுப் போ" என்பாள். நல்ல மனசோடுதான் கூப்பிட்டாள். நல்ல மனசோடு கூப்பிட்டால் பெயர் மாறிவிடுமா?

என் மகளைப் பள்ளிக்கூடத்தில் பல்பு மகள் என்றார்கள். அவள் லிமாவுக்குப் போய்விட்டாள். அங்கேயே கல்யாணம். ஊரிலிருந்து யாரையும் அழைக்கவில்லை. என்னையும்தான்.

என்னை அபெலினோ என்று கூப்பிட மிச்சம் இருந்தது ஒரே ஆள், என் மனைவி சொய்லா. போன வருடம் அவளும் செத்தாள். வீட்டில் பெட்டியை வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன். காசிமீரோ ஒரு மலர் வளையம் அனுப்பியிருந்தான். பெரியது, வெள்ளைப் பூ, நடுவே ஊதா ரிப்பன். ரிப்பனில் தங்க எழுத்து. எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். அதற்குள் மற்றவர்கள் படித்துவிட்டார்கள். 'பல்புவின் அன்பு மனைவிக்கு, பூரிசாக்கா குடும்பத்தார்.'

காசிமீரோ ஓடி வந்து என் தோளைப் பிடித்தான். "தப்பா எடுத்துக்காதப்பா. டவுன் பூக்கடைக்காரனுக்குப் போன்லதான் சொன்னேன். யாரு பொண்டாட்டின்னு கேட்டான். பழக்கதோஷம், வாய்ல வந்துருச்சு."

சொல்லும்போதே அவன் மீசை துடித்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. பின்னால் யாரோ மூக்கால் சிரித்தார்கள். அது இன்னொருவருக்குத் தொற்றியது. என் மனைவியின் பெட்டியைச் சுற்றி நின்றுகொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு, ஒரு வீடு முழுக்கச் சிரித்தது, ஐயா. நான் காசிமீரோவுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கரண்டி சர்க்கரை போட்டேன், அவனுக்கு இனிப்பு பிடிக்கும்.

கோபமா என்று கேட்கிறீர்கள். ஆமாம். அன்றைக்கும்தான். இதோ உங்கள் எதிரில் உட்கார்ந்து நிதானமாகப் பேசுகிறேனே, இப்போதும்தான்.

நான் செய்தது இதுதான். அந்த டேப்பை உரித்தேன். ஒரு பட்டாணி அளவு டேப். அதை உரிப்பது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று எனக்குத் தெரியவில்லை, நீங்கள் படித்தவர், பார்த்துச் சொல்லுங்கள்.

சரி. உரித்ததோடு நிற்கவில்லை. நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். தூர்வாரும் நாளுக்குக் கொஞ்ச நாள் முன்பு அது. காசிமீரோ தன் முறைக்கு மதகறைக்கு வந்தான், டேப்பைக் காணவில்லை என்று பார்த்தான்.

"என்ன பல்பு, உன் புள்ளைக்குத் துணிய அவுத்துட்டியா?"

"டவுன்லேர்ந்து மெக்கானிக் வந்தான். சரி பண்ணிட்டுப் போயிட்டான். இப்ப வெளக்கு நெசம் பேசுது."

"எங்க, காட்டு."

காட்டினேன். அவன் வருவதற்கு முன்பே லாக்கை ஒரு தடவை தொட்டு ஒத்துப்போக வைத்திருந்தேன். விளக்கு எரிந்தது, ஐந்து விழுந்தது. லாக்கை அழுத்தினேன், விளக்கு அணைந்தது, ஐந்து விழவில்லை. மறுபடி அழுத்தினேன், எரிந்தது, விழுந்தது. காசிமீரோ கைதட்டினான். "பல்புக்குப் புத்தி வந்துருச்சுடா. கீபோர்டைச் சொன்னேன்." நானும் சிரித்தேன். மெக்கானிக் யாரும் வரவில்லை.

தூர்வாரும் நாளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், நீங்கள் டவுன்காரர். வருடத்துக்கு ஒருநாள். மதகை அடைத்துவிட்டு ஊரே மண்வெட்டியோடு வாய்க்காலுக்குள் இறங்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பங்கு, கோலால் அளந்து விடுவார்கள். உச்சிவெயிலில் பெண்கள் ஆட்டுக்கறியும் பயறும் சோளக் கள்ளும் கொண்டு வருவார்கள். மேலே நிழல் கிடையாது. அதனால் எல்லாரும் வாய்க்காலுக்குள்ளேயே, சுவரோரத்து நிழலில், வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். குடிப்பார்கள். பாட்டு வைப்பார்கள். சிமென்ட் சுவர் இரண்டு ஆள் உயரம், வழவழவென்று இருக்கும். ஏற வேண்டுமென்றால் ஏணி இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும்.

அன்று மதகறையில் ஒரே ஒருவன் உட்காருவான். அவனுக்கு மண்வெட்டி வேலை கிடையாது. இந்த வருடம் அது என் முறை. நான்தான் காசிமீரோவிடம் போய், சொய்லா பங்கை நானே வெட்ட ஆசைப்படுகிறேன், நீ மேலே உட்காருகிறாயா என்று கேட்டேன். அவன் கண் கலங்கிவிட்டது. "போப்பா, போய் வெட்டு. நான் பாத்துக்கிறேன்" என்றான். அந்த ஒரு தடவை அவன் என்னை எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை. கவனித்தேன். தாமதமாகிவிட்டது என்று நினைத்தேன்.

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது கரண்ட் போயிற்று. எங்கள் பக்கம் அது சகஜம்.

நீங்கள் இப்படிப் பார்க்க வேண்டியதில்லை. சொல்கிறேன். கரண்ட் போகவில்லை. மூத்திரம் பெய்துவிட்டு வருகிறேன் என்று ஏணி ஏறினேன். கரையில் கருவேல மரத்துக்குப் பக்கத்துக் கம்பத்தில் மதகறையின் மெயின் சுவிட்ச் பெட்டி இருக்கிறது. கைப்பிடியைக் கீழே இழுத்தேன். ஒரு பீடி பிடிக்கிற நேரம் நின்றேன். மேலே தள்ளினேன். பிறகு நடந்துபோய் மரப்பாலத்தில் நின்றுகொண்டேன். அங்கிருந்து பார்த்தால் மதகும் தெரியும், வாய்க்காலும் தெரியும்.

மேலே காசிமீரோ என்ன செய்தான் என்று எனக்குத் தெரியும், நான் அதே நாற்காலியில் உட்கார்ந்தவன். இயந்திரம் கீச்சிட்டது. கையிலிருந்த கறித்துண்டை வைத்தான். விளக்கைப் பார்த்தான். சைபர் அடித்தான், பெரிய பட்டனைத் தட்டினான், மறுபடி கறித்துண்டை எடுத்தான். மோட்டார் முனகியிருக்கும். அது விழித்ததும் கொஞ்ச நேரம் எப்படியும் முனகும், யாரும் பொருட்படுத்துவதில்லை. கீழே பாட்டு வேறு அலறிக்கொண்டிருந்தது.

கட்டத்தில் இருந்தது நெல்லுக்குத் தண்ணீர் விடுகிற அளவு. மார்பு உயரம். மலைத் தண்ணீருக்கு வேகம் எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வாய்க்கால் கடைசியில் குப்பையைத் தடுக்கிற கம்பி வலையிலிருந்து நீங்கள்தான் அவர்களை எடுத்தீர்கள்.

சத்தம் கேட்டதும் காசிமீரோ மறுபடி சைபர் அடித்தான். மறுபடி மறுபடி அடித்தான். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அந்த லாக் பட்டனை ஒரே ஒரு தடவை தொட்டிருந்தால் போதும். எரிகிற விளக்கை அணைத்துவிடுவோமோ என்று பயந்து அதை மட்டும் தொடவில்லை. கடைசியில் வெளியே ஓடி வந்து கைச்சக்கரத்தைத் தொங்கித் தொங்கிச் சுற்றினான். மதகு இறங்கியபோது மூன்று பேர் போய்விட்டார்கள். மற்றவர்கள் ஏணிப் பக்கம் இருந்தவர்கள், பிழைத்தார்கள்.

போனவர்களில் ஒருவன் செராபியோ. அவனால் ஓட முடியாது. அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. இன்னொருத்தி யாரோ வீட்டுக்கு விருந்துக்கு வந்த சின்னப் பெண், அவள் பெயர் எனக்குத் தெரியாது. நீங்கள் சொன்னீர்கள், மறந்துவிட்டேன். மூன்றாவது எர்மெலிந்தா.

நான் எதிர்பார்த்தது வேறு. நனைந்த பாவாடைகள், உருண்டோடுகிற கள் பானைகள், கத்தல், பிறகு சிரிப்பு. பிறகு கூட்டம். பிறகு காசிமீரோ எழுந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன்.

அவன் நின்றான். அதே கூடம், அதே சுவர். தலைவர் ஈர அரிசி கேட்டார், "என்னய்யா ஆச்சு?"

"சைபர்தாங்க போட்டேன்" என்றான் காசிமீரோ. "வெளக்கு எரிஞ்சுதுங்க."

ஒரு வார்த்தை மாறவில்லை. நான் காத்திருந்தேன். எவனாவது ஒருவன் வாயைத் திறப்பான் என்று இருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை, ஐயா. பெண்கள் அழுதார்கள். ஈர அரிசி எழுந்து போய் அவனைக் கட்டிக்கொண்டார். "உன் தப்பு இல்ல காசிமீரோ, மெஷினு பொய் சொல்லிருச்சு" என்றார். எனக்குப் பொய் சொன்னபோது அது மெஷின் இல்லையா? அன்றைக்கு மூன்று தடவை சொன்னேனே, எவன் காதில் விழுந்தது?

அவன் மெக்கானிக் பேச்சை எடுக்கவே இல்லை. மறந்துவிட்டானா, என்னைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லையா, தெரியவில்லை. இப்போது வீட்டுக்கு வீடு அவனுக்குச் சாப்பாடு போகிறது. ஊரில் எல்லாரும் அவனை தோன் காசிமீரோ என்கிறார்கள். மரியாதை. மூன்று பேரைத் தண்ணீரில் விட்டவனுக்குப் பட்டப்பெயர் கிடையாது. நான் மாதாவின் பாவாடையை நனைத்தவன்.

ஏன் இப்போது வந்தேன் என்று கேட்டீர்கள். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தேன் என்று எழுதிவிடாதீர்கள், அவரும் என்னைப் பல்பு என்றுதான் கூப்பிடுகிறார். போன சனிக்கிழமை கள்ளுக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் பேச்சு. டேப்பை யாரோ வேண்டுமென்றே உரித்திருக்கிறார்கள், வெளியூர்க்காரன் வேலையாக இருக்கும் என்றான் ஒருவன். "நம்ம பல்புவே பண்ணிருப்பானோ?" என்றான் இன்னொருவன். சொல்லி முடிப்பதற்குள் மேசையே குலுங்கியது.

"இவனா? இதெல்லாம் பண்ண மண்டையில ஒரு வாட் வெளிச்சமாவது வேணாமாப்பா?"

என் முகத்துக்கு நேரேதான் சொன்னார்கள். அந்தச் சாவுக்குப் பிறகு ஊர் சிரித்த முதல் சிரிப்பு அது. மறுநாள் ஞாயிறு, பஸ் இல்லை. அதற்கடுத்த நாள் வந்துவிட்டேன். டேப்பை உரித்தவன் நான். பொய் சொன்னவன், முறையை மாற்றிக்கொண்டவன், கைப்பிடியை இழுத்தவன் எல்லாம் நான். ஒவ்வொன்றாக நானே யோசித்தேன், எவனும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதை நன்றாகத் தெரிகிற மாதிரி எழுதுங்கள்.

ஆனால் சாவு என் கணக்கில் வராது. நான் கொலைகாரன் இல்லை. நனைய வைக்கத்தான் நினைத்தேன்.

மரப்பாலத்தில் நான் சும்மாவா நின்றேன் என்கிறீர்கள். அங்கே ஒரு கொக்கிக் கழி தொங்கும். வாய்க்காலில் கிளை, செத்த ஆடு ஏதாவது வந்தால் இழுத்துப் போடுவதற்கு. நீளமான கழி. அதை நான் ஏற்கெனவே கழற்றிக் கையில்தான் வைத்திருந்தேன். பாருங்கள், அவர்கள் சாக வேண்டும் என்று நினைப்பவன் கழியைக் கையில் எடுப்பானா? யாராவது தடுமாறினால் நீட்டலாம் என்றுதான் எடுத்தேன். நான் நீட்டிப் பிழைத்தவர்கள், பிறகு என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்றும் யோசித்தேன்.

செராபியோவும் அந்தப் பெண்ணும் எதிர்ச் சுவரோடு போனார்கள், எட்டாது. எர்மெலிந்தா என் பக்கம் வந்தாள். பாலத்தின் கல்தூணில் ஒரு விரிசல் இருக்கிறது, அதில் விரலைச் சொருகிக்கொண்டாள். தண்ணீர் அவளைக் கிடத்தி இழுத்தது. அண்ணாந்து பார்த்தாள். நான் தெரிந்தேன், கழியும் தெரிந்தது. அவ்வளவு பக்கம்.

என் மகளைக் கையில் ஏந்தி, அபெலினோவின் மகள் என்று சாமியார் முன்னால் சத்தமாகச் சொன்னவள், ஐயா. என் பெயர் அவளுக்குத் தெரியும். கொம்பாத்ரே என்றிருந்தாலும் போதும், நான் கழியை நீட்டியிருப்பேன். வாயைத் திறந்தாள். காத்திருந்தேன்.

"பல்பு, கழிய நீட்டு" என்றாள். மறுபடியும், "பல்பு, பல்பு" என்றாள்.

நான் அசையவில்லை. அது என் பெயர் இல்லையே.